சாயம் வெளுக்காமல் இருந்தால் சரி

கேள்வி: வெயிலையும் சாயத்தையும் வைத்தே கரியமில வாயுவை எரிபொருளாக்கிவிடலாமாமே? நிஜமா, வாட்ஸ்அப் கதையா?

பதில்: நிஜம்தான், ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற அளவுக்கு இல்லை. 1979-லேயே ஜப்பானில் ஃபுஜிஷிமா, ஹோண்டா குழுவினர் டைட்டானியம் டை ஆக்சைடு மாதிரியான தூள்களைத் தண்ணீரில் கலக்கி, கரியமில வாயுவைச் செலுத்தி, வெளிச்சம் பாய்ச்சி, கொஞ்சம் மெத்தனால் எடுத்துக் காட்டிவிட்டார்கள். இந்தத் தூள் வேறொன்றுமில்லை, சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்டில் இருப்பதுதான். அந்த வெள்ளைதான் சிக்கலே. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, வெயிலில் 5 சதவீதம் போல இருக்கிற புற ஊதாக் கதிரை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் சாயம். ருத்தீனியம் என்ற உலோகம் கலந்த சிவப்புச் சாயத்தைத் தூள்மேல் ஏற்றினால், அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கி ஒரு எலக்ட்ரானைத் தூளிடம் தள்ளிவிடும் (1991-ல் கிரெட்செலும் ஓரீகனும் சாய சூரிய மின்கலம் செய்ததும் இப்படித்தான்). அங்கிருந்து ஒரு வினையூக்கி வழியாக வாயுவுக்குப் போகும். 2 எலக்ட்ரான் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 6 என்றால் மெத்தனால், 8 என்றால் மீத்தேன்.

சரி, எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற சாயத்துக்கு யார் திருப்பித் தருவது? இலையில் அந்த வேலையைத் தண்ணீர் பார்க்கிறது. ஆய்வகத்தில் பல சமயம் ட்ரைஎத்தனால்அமீன் என்று ஒன்றை ஊற்றுகிறார்கள், முகத்துக்குப் போடும் கிரீமில்கூட இருக்குமே, அதுதான். அது தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதைத் தயாரிப்பதோ பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து! என்னைக் கேட்டால் இது நெய்யை எரித்து எண்ணெய் எடுக்கிற கதை. இப்படி ஒரு செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது, எலக்ட்ரான் தண்ணீரிலிருந்து வந்ததா, பாட்டிலிலிருந்து வந்ததா என்பதைத்தான்.

அப்புறம் இன்னொன்று. மொட்டைமாடிக் கொடியில் தினமும் காய்கிற சிவப்புச் சட்டை என்ன ஆகிறது? வெளுத்துப் போகிறதில்லையா, இந்தச் சாயங்களுக்கும் அதே கதிதான், பல சாயங்கள் சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்கிவிடும்.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என் மகள் இதைச் செய்து காட்டலாமா?

பதில்: வேண்டாம். இந்த வினையில் சுலபமாக உருவாகிற பொருளே கார்பன் மோனாக்சைடுதான், நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, ஆளைக் கொல்லும். செம்பருத்திப் பூச்சாறும் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடியும் வைத்துச் சாய மின்கலம் செய்யட்டும், மல்டிமீட்டரில் முள் அசைவதைப் பார்க்கலாம்.