கட்டையைத் திருப்பிப் படமெடுங்கள்: லெகோ துண்டுகள் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய உறவினர் ஒருவர், தம் பிள்ளைகள் விளையாடி முடித்த லெகோ துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, இன்னதென்று அடையாளம் கண்டு, பட்டியலிட ஆசைப்படுகிறேன். ஆனால் படங்களைப் பார்த்தால் பாதி ஒன்றுபோலவே இருக்கின்றன. எங்கே தவறுகிறேன்? (வாசகி, மதுரை)

பதில்: மேலிருந்து படமெடுப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன் அம்மா. இரண்டுக்கு நான்கு குமிழ்கள் கொண்ட கட்டையும், அதே அளவுள்ள மெல்லிய பிளேட்டும் மேலிருந்து பார்க்க ஒன்றேதான். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், பிளேட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர் என்ற வேறுபாடு அந்தக் கோணத்தில் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்று, உயரம் தெரியும்படி பக்கவாட்டில் சற்றுச் சாய்வாக. மற்றொன்று, துண்டைக் கவிழ்த்து வைத்து அதன் உட்புறம் முழுவதும் தெரியும்படியாக. இரண்டில் எதையாவது விட்டுவிட வேண்டிய நெருக்கடி வந்தால், உட்புறப் படத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காரணம், பெரும்பாலான துண்டுகளின் உட்புறத்தில் அந்த வடிவத்துக்கு உரிய எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் சொன்ன இரண்டுக்கு நான்கு கட்டையின் எண் 3001. அதே அளவுள்ள பிளேட்டின் எண் 3020. எழுத்து ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும்; துண்டின் நிறமே அதற்கும் என்பதால், நேர் வெளிச்சத்தில் கண்ணுக்கும் அகப்படாது, கேமராவுக்கும் அகப்படாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச்சைத் துண்டின் விளிம்போடு ஒட்டினாற்போல் தாழ்வாகப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் உரசிச் செல்லும்படி மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சாய்வு வந்ததும் எண்ணின் ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் நிழலாகி, நான்கு இலக்கங்களும் பளிச்சென்று எழுந்து நிற்கும். அந்தக் கணத்தில் படமெடுத்துவிடுங்கள்.

எண் கிடைக்காவிட்டாலும் உட்புறம் நிறையச் சொல்லும். 3001இன் உள்ளே மூன்று குழாய்கள் இருக்கும். இரண்டுக்கு இரண்டு கட்டையான 3003இல் ஒரே குழாய். ஒற்றை வரிசைக் கட்டைகளில் குழாய்க்கு இடமில்லாததால் மெல்லிய தண்டு மட்டும் இருக்கும். கட்டைகளை இறுகப் பிடித்துக்கொள்ளச் செய்யும் இந்தக் குழாய் அமைப்புக்கு டென்மார்க்கின் பில்லுண்டில் உள்ள லெகோ நிறுவனம் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அதற்கு முந்தைய கட்டைகளின் உள்ளே வெறும் குழிதான். பழைய பையில் அப்படி ஒன்று அகப்பட்டால் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: கண்ணாடி போன்ற ஒன்றுக்கு இரண்டு கட்டை, 3065 என்ற எண்ணுடன், பிற்காலத்திலும் தண்டில்லாமலே செய்யப்பட்டது. அதைப் பழம்பொருள் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: வெள்ளைத் துண்டுகள் பின்னணியோடு கரைந்துவிடுகின்றன, கறுப்புத் துண்டுகள் வெறும் நிழலாகத் தெரிகின்றன. தனிக் கேமரா வாங்க வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். வெள்ளைத் தாளுக்குப் பதிலாக நடுத்தரச் சாம்பல் நிறச் சார்ட் பேப்பரை மேசையிலிருந்து சுவர்மேல் வளைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை, கறுப்பு இரண்டும் அதில் எடுபடும். இந்தப் பிளாஸ்டிக் மிகவும் பளபளப்பானது என்பதால், விளக்குக்கும் துண்டுக்கும் நடுவே டிரேசிங் பேப்பர் ஒன்றைத் தொங்கவிட்டால் கண்கூசும் வெள்ளைப் புள்ளிகள் அடங்கும். கைப்பேசியை மிக அருகே கொண்டு போனால் துண்டு உப்பிக் கோணலாகத் தெரியும். ஒரு முழம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுங்கள். ஒளி ஊடுருவும் துண்டுகளுக்கு மட்டும் கறுப்புத் தாளும் பின்னாலிருந்து வரும் வெளிச்சமும் தேவை.

கேள்வி: துண்டில் 3001 என்று இருக்கிறது, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதே சிவப்புக் கட்டைக்கு 300121 என்று அச்சாகியிருக்கிறது. எது சரி? (மாணவர், நெல்லை)

பதில்: இரண்டும் சரி, தம்பி. 3001 வடிவத்தின் எண்; 300121 அந்த வடிவமும் சிவப்பு நிறமும் சேர்ந்த எண். வெள்ளைக்கு 300101, கறுப்புக்கு 300126. புதிய துண்டுகளில் இப்படி ஒட்டிப் படிக்கும் ஒழுங்கு இல்லை என்பதால், உங்கள் பட்டியலில் வடிவ எண்ணையும் நிறத்தையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். எண்ணின் பின்னால் அ, ஆ போல ஏ, பி என்று சேகரிப்பாளர்கள் சேர்ப்பதையும் பார்ப்பீர்கள். அது ஒரே துண்டின் சிறு மாறுதலைக் குறிக்கும். குமிழில்லாத ஒன்றுக்கு இரண்டு ஓடான 3069இன் அடி விளிம்பில் மெல்லிய பள்ளக்கோடு இருந்தால் பி, இல்லாவிட்டால் ஏ. நகத்தால் நெம்பி எடுப்பதற்காகப் பின்னால் சேர்க்கப்பட்ட கோடு அது.

கேள்வி: சாம்பல் நிறத் துண்டுகளில் இரண்டு வகை இருப்பதாகச் சொல்கிறார்கள். என் படங்களில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருக்கின்றன. (வாசகர், சென்னை)

பதில்: உண்மையிலேயே இரண்டு வகை உண்டு. 2004 வாக்கில் நிறுவனம் பழைய சாம்பல் நிறங்களைக் கைவிட்டு, சற்று நீலம் கலந்த சாம்பலுக்கு மாறியது. பழுப்பும் அப்போதே செம்பழுப்பானது. பழையதில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும். கைப்பேசி வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாகவே சமன்செய்வதால், ஒரு துண்டைத் தனியாக எடுக்கும்போது அந்தச் சாயலை அழித்துவிடுகிறது. நிறம் ஐயமின்றித் தெரிந்த ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்து, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தால் வேறுபாடு உடனே புலப்படும். இங்கேயும் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் பட்டு மஞ்சளேறிய புதிய சாம்பல், மேலே பார்த்தால் பழைய சாம்பலைப் போலவே ஏமாற்றும். வெயில் எட்டாத உட்குழியில் அசல் நிறம் தங்கியிருக்கும்.

கேள்வி: லெகோவின் டெக்னிக் வகையில், துளையுள்ள துண்டுகளை இணைக்கும் சிறு பின்களைப் படத்தில் பிரித்தறிய முடியவில்லையே? (வாசகி, ஈரோடு)

பதில்: பெரும்பாலும் கறுப்பில் வரும் 2780இன் உடலில் மெல்லிய வரம்புகள் இருக்கும்; துளையில் செருகித் திருப்பினால் இறுக்கமாகச் சுழலும். வெளிர் சாம்பலில் வரும் 3673 வழுவழுப்பானது, தளர்வாகச் சுழலும். முன்பு சொன்ன தாழ்வான டார்ச் வெளிச்சத்தில் அந்த வரம்புகள் படத்தில் விழுந்துவிடும். அப்போதும் ஐயமிருந்தால் ஒரு துளையில் செருகி விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.