பொது டைரக்டரியும் கான்ஃபிக் கோப்பும்: சேலம் நண்பர்களுக்குப் பதில்கள்

லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் சேலம், ஏற்காடு நண்பர்கள் கேட்டவற்றில் இந்த முறை நான்கை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை): சாம்பாவில் (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருள்) மூன்று பேருக்கு ஒரே ஃபோல்டர். ஒருவர் போட்ட எடைக் கணக்கை மற்றவர் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை. 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாங்க. 777 என்றால் சர்வரில் நுழைய முடிந்த எவரும் உங்கள் கணக்கை அழிக்கலாம். நாமாக எதுவும் எழுதாவிட்டால் சாம்பாவின் 'கிரியேட் மாஸ்க்' (புதுக் கோப்புக்குக் கிடைக்கும் உரிமைகளின் வரம்பு) 0744. எழுதும் உரிமை உருவாக்கியவருக்கு மட்டும்தான். மூன்று பேரையும் ஒரு குரூப்பில் சேருங்கள். ஃபோல்டரை அந்தக் குரூப்புக்கு மாற்றி 2770 (உரிமையாளருக்கும் குரூப்புக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை) கொடுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2 இருந்தால், உள்ளே உருவாகும் கோப்புகளும் அதே குரூப்பில் சேரும். சாம்பாவின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கிரியேட் மாஸ்க் 0660, புது ஃபோல்டர்களுக்கான டைரக்டரி மாஸ்க் 2770 என்று எழுதுங்கள். மாற்றியதும் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டிப் பாருங்கள், எழுத்துப் பிழை இருந்தால் காட்டிவிடும். பழைய கோப்புகளுக்கு மட்டும் ஒருமுறை கையால் உரிமை மாற்ற வேண்டும்.

கேள்வி (ஏற்காடு, காபி எஸ்டேட்): கரண்ட் போய் வந்த இரவு பில் போட்டோம். காலையில் ரீஸ்டார்ட் செய்தால் பழைய பில்கள் இருக்கின்றன, இரவு போட்டவை காணோம். டேட்டா தனி நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க் பெட்டி), என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபோல்டர் பகிரும் முறை) மூலம். எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) 'நோஃபெயில்' (இணையாவிட்டாலும் பூட் தொடரட்டும்) இருக்கிறது.

பதில்: பதற வேண்டாம், பில்கள் பெரும்பாலும் சர்வரிலேயே இருக்கும். நாஸ் எழுவதற்குள் சர்வர் எழுந்துவிட்டது. நோஃபெயில் இருந்ததால் நாஸ் மவுண்ட் ஆகாமலேயே (டைரக்டரியோடு இணையாமலேயே) பூட் முடிந்து, பில் மென்பொருள் நாஸ் இணைய வேண்டிய வெற்று டைரக்டரியில், அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கில், எழுதியிருக்கிறது. காலையில் மவுண்ட் ஆனதும் நாஸ் அதன்மேல் வந்து உட்கார்ந்து மறைத்துவிட்டது. மென்பொருளை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து பாருங்கள். இருப்பதை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே மீண்டும் மவுண்ட். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் கோப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மேலெழுதிவிடாதீர்கள். இழப்பு நடப்பது அங்கேதான்.

இனி வராமலிருக்க, மென்பொருளின் சிஸ்டம்டி (சர்வரில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிப்பது) யூனிட் கோப்பில் 'ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' என்று எழுதி அந்த டைரக்டரியின் பாதையைக் கொடுங்கள். மவுண்ட் ஆகாமல் மென்பொருள் தொடங்காது. அன்மவுண்ட் ஆன நிலையில் அந்த வெற்று டைரக்டரிக்கு 'சாட்டர் +ஐ' (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டுவிட்டால் ரூட்டால்கூட (தலைமை நிர்வாகிக் கணக்கு) அதில் எழுத முடியாது, மவுண்ட் மட்டும் வழக்கம்போல் நடக்கும். மலைமேல் சர்வர் வைப்பவர்கள் இரண்டையும் செய்துவிடுவது நல்லது என்பேன்.

கேள்வி (ஆத்தூர் பக்கம், சேகோ ஃபேக்டரி): ஒரே மிஷினில் இரண்டு டாம்கேட் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர்) வேண்டும். இரண்டு தடவை இன்ஸ்டால் செய்யணுமா?

பதில்: தேவையில்லை. 'கேட்டலினா ஹோம்' (டாம்கேட் நிரல் இருக்கும் டைரக்டரி) பொது, நிரல் அங்கே ஒன்றே போதும். 'கேட்டலினா பேஸ்' ஒவ்வொன்றுக்கும் தனி. கான்ஃப், லாக்ஸ், வெப்ஆப்ஸ், வொர்க், டெம்ப் அதில் இருக்கும். சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் வெப் பக்கங்களுக்கான 8080 மட்டுமல்ல, நிறுத்துவதற்கான 8005 போர்ட்டையும் ஒன்றில் மாற்றுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, இரண்டாவது ஏன் எழவில்லை என்று தேடுகிறார்கள்.

கேள்வி (சூரமங்கலம், மாணவர்): விண்டோஸ் நோட்பேடில் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்டைத் திருத்தி ஏற்றினேன். கோப்பு கண்முன் இருக்கிறது, 'நோ சச் ஃபைல்' என்கிறது.

பதில்: வரி முடிவில் விண்டோஸ் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான் காரணம் தம்பி. முதல் வரியில் உள்ள ஷெல்லின் (ஸ்கிரிப்ட்டை ஓட்டும் நிரல்) பெயரோடு அதுவும் ஒட்டிக்கொள்வதால், அப்படியொரு ஷெல் இல்லை என்று சொல்கிறது. அந்த எழுத்தை நீக்கும் 'டாஸ்டுயூனிக்ஸ்' ஓட்டுங்கள், சரியாகிவிடும்.