செயலாளர் போய்விட்டார், இனி நம் விண்ணப்பம் என்ன ஆகும்?

அரசின் தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) துறையில் பெரிய அதிகாரிகள் மாறுவது பற்றிக் கேரள, ஆந்திர எல்லைப் பகுதி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

தமிழ்நாட்டில் ஐ.டி. செயலாளராக இருந்த டாக்டர் சந்தோஷ் பாபு விருப்ப ஓய்வு கேட்டபோது பெரிய பேச்சாக இருந்தது. பிறகு எங்கள் கேரளத்தில் கண்ணாடி இழை இணையம் தரும் கேபோன் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். ஐ.ஏ.எஸ். பணியை விட்டவர் இப்படி வேறு மாநிலத்தில் பொறுப்பேற்க விதி இடம் கொடுக்கிறதா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

கொடுக்கிறது. அவர் விருப்ப ஓய்வு கேட்டது 2020 ஜனவரியில். 12,500-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் பாரத்நெட் டெண்டர் அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்த டெண்டரில் வந்த நெருக்கடியே காரணம் என்று எதிர்க்கட்சிகள் சொல்ல, அரசு மறுத்தது. அதே ஆண்டு ஜூனில், உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்முதல் ஆணைக்கு நிபந்தனைகள் ஒத்துவரவில்லை என்று மத்திய அரசு மறு டெண்டர் விடச் சொன்னது. அவர் டிசம்பரில் மக்கள் நீதி மய்யத்தில் சேர்ந்தார், 2021-ல் வேளச்சேரியில் போட்டியிட்டார், பிறகு கேபோனுக்கு வந்தார். 2023 ஜூன் 5-ல் கேபோன் தொடங்கிவைக்கப்பட்டபோது அதன் மேலாண்மை இயக்குநர் அவர்தான்.

இனி விதி. பணியை ராஜினாமா செய்வதும் விருப்ப ஓய்வில் போவதும் ஒன்றல்ல. ஐ.ஏ.எஸ். போன்ற அகில இந்தியப் பணி அதிகாரி ராஜினாமா செய்தால் ஓய்வூதியப் பலன் போய்விடும். விருப்ப ஓய்வு என்றால் அது கிடைக்கும், ஆனால் மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். 50 வயதோ 30 ஆண்டுப் பணியோ நிறைந்தவர் ஒரு பிரிவில் போகலாம். 20 ஆண்டு மட்டும் முடித்தவர் இன்னொரு பிரிவில் கேட்கலாம், அதற்கு அரசின் ஏற்பு தேவை. இது 1958-ஆம் ஆண்டு ஓய்வுப் பலன் விதிகளின் 16-ஆம் விதி. ஓய்வுக்குப் பின் ஓராண்டுக்குள் தனியார் வணிக நிறுவனத்தில் சேர்வதானால் முன் அனுமதி வாங்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கேபோன் கேரள மின்வாரியமும் மாநில ஐ.டி. உள்கட்டமைப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் அரசு நிறுவனம்.

ஒருவர் ஏன் போனார் என்பதைவிட, போகும்போது கோப்பில் என்ன எழுதி வைத்தார் என்பதுதான் பின்னால் நிற்கும். டெண்டர் நிபந்தனை மாற்றத்துக்கு யார் குறிப்பு எழுதினார், யார் ஒப்புதல் தந்தார் என்பது அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

நல்ல அதிகாரியை மாற்றும்போது ஊரில் கையெழுத்து வாங்கி அனுப்புகிறோம். இதற்கு ஏதாவது பயன் உண்டா? அவர் போனால் அவர் கொண்டுவந்த திட்டமும் போய்விடாதா?
— வாசகி, நகரி

கையெழுத்து மனுவுக்குப் பயன் உண்டு, எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31-ல் சொன்ன தீர்ப்பின்படி மாநிலங்களில் குடிமைப் பணிகள் வாரியம் இருக்க வேண்டும். அதையொட்டி 2014-ல் விதியும் திருத்தப்பட்டது. கேடர் பதவியில் (ஐ.ஏ.எஸ்.ஸுக்கென ஒதுக்கிய பதவியில்) இருக்கும் அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு அங்கே இருக்க இடம் உண்டு. அதற்கு முன் மாற்றினால் வாரியம் காரணத்தைப் பதிவு செய்து பரிந்துரைக்க வேண்டும். ஆகவே "மாற்றாதே" என்று மட்டும் எழுதாமல், "இரண்டு ஆண்டு முடிவதற்குள் மாற்றியதற்கு வாரியம் பதிவு செய்த காரணம் என்ன" என்று தலைமைச் செயலாளருக்கு எழுதுங்கள். முன்னதை வாங்கி வைத்துவிடலாம், பின்னதை அப்படித் தள்ளிவிடுவது கடினம்.

திட்டம் நிலைக்குமா என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. அரசுச் சேவைகளை ஒரே இடத்தில் தரும் திட்டம் ஒன்றுபட்ட ஆந்திராவில் 1999-ல் ஹைதராபாத், செகந்திராபாத்துக்கு ட்வின்ஸ் என்று சோதனையாகத் தொடங்கியது, 2001-ல் ஈசேவா ஆனது, 2011 நவம்பரில் மீசேவா ஆகச் சித்தூர் மாவட்டத்தில் முதலில் வந்தது. இடையில் எத்தனை முதலமைச்சர்கள், செயலாளர்கள் மாறினார்கள்! ஆதாரும் அப்படித்தான். அதை நடத்திய ஆணையத்தின் தலைவர் நந்தன் நிலேகணி 2014 மார்ச்சில் விலகினார், இரண்டே மாதத்தில் ஆட்சியும் மாறியது, ஆதார் தொடர்ந்தது.

தலைகீழ் உதாரணமும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் முதல் தலைமைத் தகவல் அதிகாரி விவேக் குந்த்ரா 2009 மார்ச்சில் வந்தார். அரசுத் தரவுகளை மக்களுக்குத் திறக்கும் தளமும், ஐ.டி. செலவைப் பொதுப்பார்வைக்கு வைக்கும் தளமும் அந்த ஆண்டே வந்தன. 2011 ஆகஸ்டில் அவர் விலகினார். அதற்குச் சில மாதம் முன்பே, இந்தத் தளங்களுக்குப் பணம் தந்த மின்னாளுகை நிதி 3.4 கோடி டாலரிலிருந்து 80 லட்சம் டாலராக வெட்டப்பட்டிருந்தது. அங்கே அடி விழுந்தது ஆள் போனதால் அல்ல, நிதி போனதால். உங்கள் மனுவில் ஒரு வரி சேருங்கள்: இந்தத் திட்டத்துக்கு இந்த ஆண்டு பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?

மீசேவாவில் சாதிச் சான்றுக்குக் கொடுத்து வாரங்கள் ஆகிவிட்டன. எம்.ஆர்.ஓ. (மண்டல் வருவாய் அலுவலர்) மாறியிருக்கிறார். மேலே ஐ.டி. செயலாளரும் மாறிவிட்டாராம், அதனால் சாஃப்ட்வேரே நின்றுவிட்டது என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், குப்பம்

செயலாளர் மாறியதால் உங்கள் சான்று நிற்காது. எம்.ஆர்.ஓ. மாறியதால் நிற்கும். சான்றில் விழும் டிஜிட்டல் கையெழுத்து, அதிகாரியின் பெயரில் வாங்கிய ஒரு யு.எஸ்.பி. டோக்கனில் இருக்கிறது. அதற்கு ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை ஆயுள், தனிப் பாஸ்வேர்டும் உண்டு. அது ஆளோடு போகும், நாற்காலியோடு இருக்காது. புதியவர் வந்ததும் மூன்று வேலை நடக்க வேண்டும்: பழையவரின் கையெழுத்தை அந்தப் பதவியிலிருந்து நீக்குவது, புதியவரின் டோக்கனைப் பதிவு செய்வது, தேங்கிய விண்ணப்பங்களைப் புதிய லாகினுக்கு மாற்றுவது. மூன்றாவதுதான் பெரும்பாலும் மறந்துபோகிறது. புதிய விண்ணப்பங்கள் ஓடும், பழையவை பழைய லாகினிலேயே உறங்கும்.

விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள். யாருடைய மேசையில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று தெரியும். அந்த அச்சோடு மண்டல் ஆபீஸ் போய், "லாகின் மாற்றம் நடந்ததா" என்று கேளுங்கள். "சான்று எப்போது வரும்" என்று கேட்டால் "வரும்" என்பதோடு முடிந்துவிடும். நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் அதே எண்ணோடு மனு கொடுங்கள். இரண்டாவது விண்ணப்பம் மட்டும் போட வேண்டாம். இரட்டை என்று தள்ளுபடி ஆகும், கட்டணமும் போகும்.

கேரளத்தில் இ-டிஸ்ட்ரிக்ட் என்ற சான்றுத் தளத்திலும் இதே கதைதான். அங்கே வில்லேஜ் ஆபீசர், தாசில்தார் இரண்டு மேசைகளையும் பார்க்க வேண்டும்.

அட்சயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையத்தில்) எடுத்த வருமானச் சான்றைத் தேனியில் உள்ள கல்லூரியில் கொடுத்தால், "வேலிடிட்டி அன்நோன்" என்று மஞ்சள் கேள்விக்குறி இருப்பதால் செல்லாது என்கிறார்கள். கையெழுத்துப் போட்ட தாசில்தாரும் மாறிவிட்டார்.
— வாசகி, மறையூர்

சான்று செல்லும். கையெழுத்து விழுந்த நாளில் அவர் அந்தப் பதவியில் இருந்தார் என்பதே கணக்கு. கேள்விக்குறி வருவதற்குக் காரணம் வேறு: இந்தியாவின் மூலச் சான்றை அந்தக் கம்ப்யூட்டர் நம்பகமானதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பி.டி.எஃப். கோப்பைக் கம்ப்யூட்டரில் அடோப் ரீடரில் திறங்கள். மொபைலில் இது முடியாது. கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்து சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஷோ சைனர்ஸ் சர்ட்டிஃபிகேட் போங்கள். இடப்பக்கச் சங்கிலியில் மேலே சி.சி.ஏ. இந்தியா என்று ஆண்டோடு இருக்கும், அதுதான் அந்த மூலச் சான்று, அதைத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள அதிகாரியின் பெயரைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் அடுத்த அதிகாரியின் சான்றுக்கு மறுபடி கேள்விக்குறி வரும். பிறகு ட்ரஸ்ட் பகுதியில் நம்பகப் பட்டியலில் சேர்த்து, வேலிடேட் சிக்னேச்சர் கொடுத்தால் பச்சை டிக் விழும்.

அச்செடுத்த தாளில் இந்தச் சோதனை நடக்காது. தாளைத்தான் ஏற்போம் என்றால், அதில் உள்ள சான்று எண்ணையும் பாதுகாப்புக் குறியீட்டையும் இ-டிஸ்ட்ரிக்ட் தளத்தில் போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

2020-ல் கோவிட் சமயத்தில் எங்கள் உடல்நல விவரங்கள் ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குப் போனதாகச் சர்ச்சை வந்தது. அப்போதைய ஐ.டி. செயலாளரும் போய்விட்டார். இப்போது யாரைக் கேட்பது?
— வாசகர், குமுளி

ஆளைத் தேட வேண்டாம், அலுவலகத்தைக் கேளுங்கள். 2020 ஏப்ரல் 24-ல் கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. பெயர், அடையாளம் நீக்கிய பிறகே விவரங்களை நிறுவனம் பார்க்கலாம், மக்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. அந்த நிறுவனத்தோடு அரசு போட்ட ஒப்பந்தம் அந்தச் செப்டம்பரோடு முடிந்தது. செயலாளர் ஜூலையிலேயே, வேறொரு விவகாரத்தில், பதவியிலிருந்து மாற்றப்பட்டிருந்தார். கையெழுத்திட்டவர் போனாலும் ஒப்பந்தம் அரசைக் கட்டுப்படுத்தும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஐ.டி. துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கேரளத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஆந்திராவில் கிராம அளவில் கட்டணம் இல்லை, மண்டல அளவில் 5 ரூபாய், மேலே 10 ரூபாய். "என் விவரம் பத்திரமாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். கருத்துக் கேள்விக்குப் பதில் தரக் கடமை இல்லை. ஆவணமாகக் கேளுங்கள்: ஒப்பந்தத்தின் நகல், நீட்டிப்பு அல்லது முடிப்பு ஆணை, தரவை அழித்ததற்கு நிறுவனம் தந்த சான்று, பழைய செயலாளர் புதியவரிடம் பொறுப்பு ஒப்படைத்த குறிப்பு. வணிக ரகசியம் என்று மறுத்தால், பிரிவு 10-ன்படி ரகசியப் பகுதியை மறைத்து மீதியைத் தரக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளில் தகவல் ஆணையம்.

ஒப்படைப்புக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். அரசு செயலி யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் பதிவாகியிருப்பது, நிர்வாக ஓ.டி.பி. பழைய அதிகாரியின் சொந்த நம்பருக்கே போவது, சோர்ஸ் கோடு ஒப்பந்ததாரர் கையிலேயே தங்கிவிடுவது: ஆள் மாறும்போது வரும் கோளாறுகள் இவைதான். குறிப்பு எழுதப்படாத இடத்தில் இவை எதுவும் வெளியே தெரியாது.

தேவிகுளம் பகுதியில் இருந்து தமிழிலேயே திருவனந்தபுரத்துக்கு எழுதலாமா?
— வாசகி, மூணாறு

எழுதலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதும் உரிமை தருகிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். மனுவின் தலைப்பிலேயே அந்தச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள்.

அதிகாரி போனதைக் கொண்டாடி வாட்ஸ்அப்பில் எழுதினால் வழக்கு வருமா?
— வாசகர், வண்டிப்பெரியார்

விமர்சனத்துக்கு வராது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்தது. 2020 நவம்பரில் கேரளத்தில் வந்த 118ஏ அவசரச் சட்டமும் எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் "லஞ்சம் வாங்கினார்" என்று ஆதாரமின்றி எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா 356-ன் கீழ் அவதூறு வழக்கு வரும், அவர் ஓய்வு பெற்றிருந்தாலும். பிறர் எழுதியதை ஃபார்வர்டு செய்தவரையும் அந்த வழக்கில் சேர்க்கலாம். "டெண்டர் தாமதமானது, இன்ன தேதியில் சர்வர் நின்றது" என்று நடந்ததைத் தேதியோடு எழுதுங்கள்.