கிராஃபீன் அடுக்கைக் கூட்டினால் உணர்திறன் கூடுமா?

கேள்வி: எங்கள் எஸ்பிஆர் (மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு) உயிர் உணரியில், அதாவது உலோகப் படலத்தில் ஒளி எதிரொளிப்பதை வைத்து உயிர்மூலக்கூறுகளைக் கண்டறியும் கருவியில், கண்ணாடிப் பட்டகத்தின் மேல் 50 நானோமீட்டர் தங்கப்படலம் இருக்கிறது. கணினிக் கணக்கில் கிராஃபீன் (ஓரணுத் தடிமன் கொண்ட கரிமத் தாள்) அடுக்குகளைக் கூட்டக் கூட்ட உணர்திறன் ஏறுகிறது. பத்து அடுக்கு போட்ட சிப் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஓர் அடுக்கே போதும்.

எதிரொளிப்பு மிகக் குறையும் கோணம் அதிகம் நகரும் என்பது சரிதான். ஆனால் கிராஃபீன் ஒளியை உறிஞ்சும். தனியாக நிற்கும் ஒற்றை அடுக்கே 2.3 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அடுக்கு ஏற ஏற எதிரொளிப்பு வளைவில் அந்தக் கோணத்தில் தெரியும் பள்ளம் அகன்று, ஆழமும் குறையும். அகன்ற பள்ளத்தின் அடி எங்கே என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. உணர்திறனைப் பள்ளத்தின் பாதியாழ அகலத்தால் வகுத்து, அந்த எண்ணைப் பாருங்கள். உணர்திறனை மட்டும் பெரிதாகக் காட்டும் ஆய்வுக்கட்டுரைகளை அகலம் என்னவென்று கேட்காமலே ஏற்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதை நம்பி எத்தனை ஆய்வகங்கள் பணத்தைக் கொட்டுகின்றன!

அடுத்தது விற்பவர்கள். "சில அடுக்கு" என்ற சொல்லுக்குள் எதையும் ஒளிக்கலாம். விளம்பரப் படத்தை ஏற்காதீர்கள். உங்களுக்கு அனுப்பும் அதே சிப்பில் ஐந்தாறு இடங்களில் எடுத்த ராமன் நிறமாலையை, அதாவது சிதறிய லேசர் ஒளியால் பொருளை அடையாளம் காட்டும் வரைபடத்தை, கேளுங்கள். ஒற்றை அடுக்கு என்றால் 2700 செ.மீ⁻¹ அருகே ஒற்றை முகடு 1580 அருகிலுள்ளதைவிட உயர்ந்து நிற்க வேண்டும். 1350 அருகே முகடு தலைதூக்கினால் படலத்தில் குறை உண்டு. கிராஃபீனைத் தங்கத்தின் மேல் இடமாற்றும்போது தங்கிவிடும் பிஎம்எம்ஏ பாலிமர் பற்றியும் கேளுங்கள். கிராஃபீனின் தடிமன் 0.34 நானோமீட்டர், எச்சம் அதைவிடத் தடிமனாகவே இருக்கக்கூடும். அசிட்டோன் அதை முழுதாக எடுக்காது. கடுமையாகச் சூடேற்றினால் தங்கப்படலம் கெடும்.

கிராஃபீனில் வேண்டாத புரதமும் ஒட்டும். பைரீன் இணைப்பான் (கிராஃபீனில் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு) வழியாக எதிர்ப்பொருளைப் பொருத்தி, மிச்ச இடங்களை எத்தனாலமீனாலும் பிஎஸ்ஏ என்னும் மாட்டு இரத்தப் புரதத்தாலும் மூடுங்கள். கிராஃபீன் இல்லாத தங்கச் சிப்பில் அதே மாதிரியை ஓட்டி ஒப்பிடுங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.0001 நகர்ந்துவிடும்; அதை உயிர்மூலக்கூறின் குறிகையாக எண்ணிவிடாதீர்கள்.

ஓர் அடுக்கே போதும் என்பதற்கு வெள்ளிப் படலம் மட்டும் விதிவிலக்கு. அதன் பள்ளம் தங்கத்தைவிடக் குறுகியது, ஆனால் காற்றிலும் உப்புக் கரைசலிலும் அது கெட்டுவிடும். அங்கே கிராஃபீனுக்கு முதல் வேலை காவல். ஒற்றை அடுக்கின் கிழிசல்கள் வழியே குளோரைடு புகுந்துவிடும் என்பதால், தனித்தனியே இடமாற்றிய இரண்டு அடுக்குகளைப் போடலாம். ஒன்றின் ஓட்டைகளை மற்றது பெரும்பாலும் மறைக்கும். பயன்படுத்துமுன், மாதிரி எதுவும் சேர்க்காமல் பஃபர் கரைசலில் ஓர் இரவு ஓட்டுங்கள். வெப்பநிலை மாறாமலே பள்ளம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால், அந்தச் சிப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.