டோக்கன் கொடுத்தால்தான் ஓட்டிப் பார்க்கலாமாம்

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன், பீனியாவில் வேலை. 2012 மாடல் டீசல் கார் ஒன்று வந்திருக்கிறது. ஓசூர் பதிவு, டிஎன் 70. மீட்டரில் 1,80,000 கிலோமீட்டர். விலை 1,40,000 ரூபாய். ஆர்சியில் விற்பவர் பெயர் இல்லை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள் முதல் ஓனர் கையெழுத்தோடு இருக்கிறதாம். 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஓட்டிப் பார்க்கத் தருவாராம். வாங்கிய பிறகு இன்ஜின் போனால் கேஸ் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அது நிற்குமா என்பது வாங்கும் முன் நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பார்த்தீர்கள் என்பதில் இருக்கிறது.

பழைய வண்டியின் குறையை விற்பவர் தானாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் சொல்வதில்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17-ன்படி சும்மா வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மோசடி ஆகாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்றால், 'சொல்லாமல் விட்டுவிட்டார்' என்று ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் பிரிவு 19 விடாது. தெரிந்தே பொய் சொன்னால் கதை வேறு. அதனால் கேள்விகளை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அடிபட்டதா, வெள்ளத்தில் நின்றதா, மீட்டரில் கை வைத்தார்களா, இன்ஜினைப் பிரித்தார்களா? "நல்ல கண்டிஷன் சார்" என்று மொத்தமாக வரும் பதிலை ஏற்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமா, இல்லையா என்று வாங்குங்கள். அந்த சாட்டை அழிக்க வேண்டாம்.

டோக்கனா? ஓட்டிப் பார்த்த பிறகு பேசலாம். அதுவும் 'ஆர்சி மாறாவிட்டால் திருப்பித் தரப்படும்' என்று எழுதி வாங்கிக்கொண்டு.

காலை ஆறு மணிக்குப் போங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொண்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்புஸ் என்று புகை தள்ளுகிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். பீனியா மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் போயிருக்கிறது. சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். மெக்கானிக் கூலியை மிச்சம் பிடித்தவர்கள்தான் அப்புறம் வக்கீல் ஃபீஸ் கொடுக்கிறார்கள்.

சாவியைத் தொடும் முன் இன்ஷூரன்ஸைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் காலாவதியான வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 196-ன்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டக் கொடுத்தவர் மட்டுமல்ல, ஓட்டுகிற நீங்களும் மாட்டுவீர்கள்.

எனக்கு இன்ஜினைவிட ஆர்சிதான் கவலை. பல கை மாறிய கார் விபத்தில் சிக்கிய வழக்கில், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்சியில் பெயர் உள்ளவரே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் (நவீன் குமார் எதிர் விஜய் குமார்) சொன்னது. இதை முதல் ஓனரிடம் எடுத்துச் சொன்னால் அவரே ஓடி வருவார். பெயர் மாறாதவரை ஆபத்து அவருக்குத்தான். ஓசூர் ஆர்டிஓவில் படிவம் 28-ல் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) அவர் பெயரில்தான் எடுக்க வேண்டும். கடன் பதிவு இருந்தால் கடன் முடிந்தது என்று வங்கி தரும் படிவம் 35-ம் வேண்டும். கர்நாடகப் பதிவுக்கு இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். 2027-ல் வண்டிக்கு 15 வருடம் முடிவதால் பதிவையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். 1,40,000 என்பது வண்டியின் முழு விலை இல்லை.

விற்பவர் தனி ஆள் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்தான். இதையே தொழிலாகச் செய்பவர் என்றால் இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அப்படிப்பட்டவர் 2023 ஏப்ரல் முதல் ஆர்டிஓவின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும், அதைக் கேளுங்கள்.

முதலில் முதல் ஓனரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் ஓட்டிப் பார்க்கவே போக வேண்டாம்.