‘எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு புதுச்சேரி போய் ஒரு தனியார் ரிசார்ட்டில் தங்கினோம். ரிசார்ட் வரவேற்பறையில் சொல்லி அனுப்பிய ஆளிடம், கடற்கரையில் பனானா போட்டுக்கு (வேகப்படகு இழுத்துச் செல்லும் காற்றடைத்த மிதவை) நான்கு பேருக்கு 3,200 ரூபாயும், மறுநாள் சுண்ணாம்பாற்றுப் படகுச் சவாரிக்கு 1,600 ரூபாயும் கூகுள் பேயில் கட்டினோம். பில் தரவில்லை. பனானா போட்டில் கரைக்குத் திரும்பும்போது வேண்டுமென்றே அதைக் கவிழ்த்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான். என் கணவருக்கு வலது தோள் நழுவி, மேல்கை எலும்பு முறிந்து, பிளேட் வைத்தார்கள். செலவு 1,40,000 ரூபாய். ஏ.சி. மெக்கானிக்கான அவர் 3 மாதமாக வேலைக்குப் போகவில்லை. அவர் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டில் ஒரு பக்கிள் உடைந்து, நைலான் கயிற்றால் கட்டியிருந்தது, போட்டோ இருக்கிறது. கேட்டால், ‘கையெழுத்துப் போட்டீர்களே’ என்கிறார்கள். ஆற்றுச் சவாரிப் பணத்தையும் தரவில்லை. வழக்கைப் புதுச்சேரியில்தான் போட வேண்டுமா?
– வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தாளைப் பற்றிய பயத்தை விடுங்கள். கடல் விளையாட்டில் நனைவோம், விழுவோம், சிராய்ப்பு வரும். அந்த அளவு ஆபத்தைத் தெரிந்தே ஏற்றீர்கள் என்பதுதான் உங்கள் கையெழுத்தின் பொருள். உடைந்த பக்கிளையும், ஆழமில்லாத இடத்தில் கவிழ்ப்பதையும் அது மூடி மறைக்காது. ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடுபோன வழக்கில், டோக்கனில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்திருந்தும், தன் ஊழியரின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் நழுவ முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கோவளம் ஓட்டல் நீச்சல் குளத்தில் விருந்தினர் மூழ்கி இறந்த வழக்கில், உயிர்காப்பாளருக்கு மது பாரிலும் வேலை கொடுத்திருந்ததை முக்கியக் குறையாக எடுத்துக்கொண்டு, 62.5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. உங்கள் புகாரில் இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள்.

கவனக்குறைவை நிரூபிப்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. பனானா போட்டை இழுக்கும் படகில் ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவர்களைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். கவிழ்ப்பதானால், எல்லோரும் சம்மதித்த பிறகு, கால் தரையில் படாத ஆழத்தில்தான். இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் தோள் மணலில் குத்தி விழும்போது, மேலே மூன்று பேர் வந்து விழுவார்கள். உங்கள் கணவருக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். ஆகவே அன்று அலையின் நிலை, கரையிலிருந்து தோராயமாக எத்தனை மீட்டர், இழுத்த படகில் எத்தனை பேர், கவிழ்க்கப்போவதாகச் சொன்னார்களா என்பதையெல்லாம் நீங்களும் உடன் வந்தவர்களும் இப்போதே தனித்தனியாக எழுதித் தேதியிட்டு வையுங்கள். ஜாக்கெட் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதியும் நேரமும் பதிவான மூலப் படம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும்.

வழக்கைக் கடலூரிலேயே போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் அதிகாரம் தருகிறது. சம்பவம் புதுச்சேரியில் நடந்ததென்பது தடையல்ல. மாவட்டம், மாநிலம், தேசியம் ஆகியவற்றில் எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, நீங்கள் கட்டிய 4,800 ரூபாய்தான். அது 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார் கட்டணமே இல்லை. காலக்கெடு சம்பவ நாளிலிருந்து 2 ஆண்டு. வழக்கறிஞர் இல்லாமலே நுகர்வோர் புகார்களுக்கான ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். படகு அந்தச் சட்டத்தின் வாகனம் அல்ல.

எதிர்தரப்பாகப் படகு நடத்துபவரோடு ரிசார்ட்டையும் சேருங்கள். ‘அவர் தனி ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்பார்கள். வரவேற்பறையிலிருந்து அனுப்பினார்கள் என்பதைக் காட்டும் ஒரு மெசேஜ், ஒரு விளம்பர அட்டை இருந்தால் அந்த வாதம் பலவீனப்படும். கூகுள் பேயில் பணம் தனிநபர் பெயருக்குப் போயிருந்தாலும் கவலை வேண்டாம். வங்கிக் கணக்கு அறிக்கையே ஆதாரம். பில் தராததைச் சட்டமே முறையற்ற வணிகம் என்கிறது, அதையும் ஒரு குறையாக எழுதுங்கள். படகு யார் பெயரில், என்ன உரிமத்தில், என்ன காப்பீட்டில் ஓடுகிறது என்று புதுச்சேரி சுற்றுலாத் துறைக்கும் துறைமுகத் துறைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். ‘உரிமம் இல்லை’ என்று பதில் வந்தால் பாதி வழக்கு முடிந்தது.

போலீஸ் புகார் வேறு, இது வேறு, இரண்டையும் செய்யலாம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கான 125(பி), படகை அஜாக்கிரதையாக ஓட்டுவதற்கான 282 ஆகிய பிரிவுகள் பொருந்தும். கடலூர் காவல் நிலையத்திலேயே ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியச் சொல்லிக் கேளுங்கள். பின்பு அது புதுச்சேரிக்கு மாற்றப்படும். மூன்று மாதத் தாமதத்துக்கு அறுவை சிகிச்சைதான் காரணம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருந்தால் எதிர்தரப்பு முதலில் எடுத்து நீட்டும் தாள் அதுதான். அப்படியிருந்தால் உடனே எழுத்துப்பூர்வமாக மறுப்புக் கொடுங்கள்.

தொகையைக் கணக்கிடும்போது மருத்துவ பில், பிசியோதெரபி, போக்குவரத்து, வருமான இழப்பு, வலி, மன உளைச்சல் என்று தலைப்பு வாரியாகப் பிரியுங்கள். வருமானத்துக்கு விபத்துக்கு முந்தைய 6 மாத வங்கிக் கணக்கு அறிக்கையை வையுங்கள். கை முழுதாக உயராமல் போனால், அரசு மருத்துவமனை ஊனச் சான்றிதழைப் பின்னால் கூடுதல் ஆவணமாகத் தரலாம். அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாக்கல் செய்வதற்கு முன் 15 நாள் கெடு வைத்து, இரு தரப்புக்கும் பதிவு வசதியுள்ள ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றோடு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பலர் அதிலேயே பேச வருவார்கள். ஆற்றுச் சவாரிக்கான 1,600 ரூபாயையும் அந்த நோட்டீஸிலேயே கேளுங்கள். அவர்களால் நேர்ந்த காயத்தால்தான் நீங்கள் போக முடியவில்லை. அதற்கென்று தனிப் புகார் தேவையில்லை.