திரையில் பளிச், தாளில் இருட்டு: கோளாறு எங்கே?

கேள்வி: ஃபோட்டோக்களை நானே எடிட் செய்து லேபுக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுக்கிறேன். மானிட்டரில் பளிச்சென்று இருக்கும் படம் பிரிண்டில் இருண்டுபோய் வருகிறது. வீட்டுப் பிரிண்டரில் போட்டால் இருட்டோடு முகங்களும் சிவந்துவிடுகின்றன. மானிட்டரை காலிபரேட் செய்யச் (அதாவது அதன் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சரிப்படுத்தச்) சொல்கிறார்கள். கருவி வாங்கித்தான் ஆக வேண்டுமா? என்ன அளவுகள் வைக்க வேண்டும்?

பதில்: உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு, ஒரே மருந்தில் இரண்டும் போகாது. இருட்டுக்குக் காரணம் உங்கள் மானிட்டர். சிவப்பு வீட்டுப் பிரிண்டரில் மட்டும்தான் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டதால், அது அநேகமாக பிரிண்ட் செட்டிங்கில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

புது மானிட்டர் பெட்டியிலிருந்து வரும்போதே பிரைட்னஸ் ஏகத்துக்கும் ஏற்றப்பட்டுத்தான் வரும், 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்பதெல்லாம் சாதாரணம். வீடியோ பார்க்க அது நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த வெளிச்சத்தில் எடிட் செய்தால், படம் ஏற்கெனவே போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாக நினைத்து எக்ஸ்போஷரை நீங்களே குறைத்துவிடுவீர்கள். இருட்டாக இருப்பது உங்கள் ஃபைல். லேப் அதை அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நானும் பட்டவன்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியின் படம், கருகருவென்ற கூந்தல், என் திரையில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. பிரிண்டில் தலையில் மையைக் கொட்டியது போல ஒரே கறுப்பு. லேபில் போய் சத்தம் போட்டேன். அங்கிருந்தவர் பதில் எதுவும் பேசாமல் அதே ஃபைலைத் தன் மானிட்டரில் திறந்து என் பக்கம் திருப்பினார், அதிலும் அதே மைதான். படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை அப்போதுதான் பார்த்தேன், மொத்தமும் இருட்டைக் குறிக்கும் இடது ஓரத்தில் குவிந்து கிடந்தது.

சரி, காசு செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எடிட்டிங் மென்பொருளில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பிரிண்டை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள், பாதிக்கும் கீழே போனாலும் பயப்பட வேண்டாம். முதல் இரண்டு நாள் திரை அழுது வடிவது போலத்தான் இருக்கும், அப்புறம் கண் பழகிவிடும்.

வெளிச்சத்தைக் கண்ணால் ஓரளவு சரிசெய்துவிடலாம், நிறத்தை முடியாது. மஞ்சள் பல்புக்கு அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், போட்டிருக்கும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரிய ஆரம்பித்துவிடும். இப்படி ஒத்துப்போகும் கண்ணை வைத்து நிறத்தை எப்படி அளப்பது? அதனால்தான் கருவி. பிரிண்ட் எடுப்பவர் என்றால் திரையில் வைத்து அதன் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலோரிமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், அல்லது நண்பரிடம் ஒருநாள் இரவல் கேளுங்கள். ஃபோட்டோவைத் திரையில் மட்டுமே பகிர்பவருக்கு இது அவசியமில்லை என்பது என் கருத்து. கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் டிஸ்ப்ளேகேல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அளக்க உட்காரும் முன் மானிட்டரை அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். நைட் லைட், ட்ரூ டோன், ஆட்டோ பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட், மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் அளந்ததெல்லாம் வீண். மென்பொருள் உங்கள் மானிட்டரின் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) வகையைக் கேட்டால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள், தப்பாகக் கொடுத்தால் கருவி நிறத்தைத் தப்பாகத்தான் படிக்கும்.

அளவுகள்: ஒயிட் பாயின்ட், அதாவது திரையின் வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பது, 6500 கெல்வின் (டி65 என்பார்கள்). காமா, அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள சாயல்கள் எவ்வளவு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது, 2.2. வெளிச்சம் 80 முதல் 120 நிட்ஸுக்குள், நான் 100 வைக்கிறேன், உங்கள் அறை ரொம்ப வெளிச்சமாக இருந்தால் 120. அச்சகங்களில் பிரிண்டைப் பார்க்க டி50 (5000 கெல்வின்) விளக்குதான் தரம் என்பதால் மானிட்டரையும் 5000 கெல்வினுக்கு இறக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட விளக்கு உங்களிடம் இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்தால் கருவி கண்ணாடியில் ஒட்டி உட்காரும், இடுக்கு வழியாக அறை வெளிச்சம் உள்ளே போகாது. முதலில் மானிட்டரின் பட்டன்களால் பிரைட்னஸைக் குறைத்து, மென்பொருள் காட்டும் எண் 100-க்கு வரும்வரை இறக்குங்கள். பிறகு மானிட்டர் மெனுவில், நிறங்களை நாமே மாற்றவிடும் யூசர் மோடில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது தூக்கலாக இருக்கிறதோ அதை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், மற்றதை ஏற்ற வேண்டாம். கான்ட்ராஸ்டைத் தொடவே வேண்டாம். லேப்டாப்பில் இந்த மூன்று குமிழ்களும் இருக்காது, பிரைட்னஸோடு விட்டுவிடுங்கள். அதன் பிறகு மென்பொருள் வரிசையாக நிறக் கட்டங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எப்படித் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, ஐசிசி ப்ரொஃபைல் ஒன்றை எழுதி வைக்கும். மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால் போதும்.

இந்த ப்ரொஃபைலைப் பற்றி ஒரு குழப்பம் எல்லோருக்கும் உண்டு. காலிபரேஷன் மானிட்டரை ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறது. ப்ரொஃபைல் என்பது அந்த மானிட்டர் நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்ற குறிப்பு. ஃபோட்டோஷாப், லைட்ரூம் போன்றவை அதைப் படித்து நடந்துகொள்ளும், பல சாதாரண இமேஜ் வியூவர்கள் படிக்காது. ஒரே படம் இரண்டு மென்பொருளில் இரண்டு விதமாகத் தெரிந்து, அதுவும் வழக்கத்தைவிட அதிக நிறங்களைக் காட்டும் வைட் கேமட் மானிட்டர் என்றால் ஒன்றில் முகமெல்லாம் வெயிலில் வெந்தது போல இருந்தால், ஃபோட்டோஷாப்பை நம்புங்கள்.

இனி சிவப்பு. பிரிண்ட் கொடுக்கும் டயலாக்கில் நிறத்தை ஃபோட்டோஷாப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தேர்வு, பிரிண்டர் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தேர்வு. முதலாவதை வைத்துவிட்டு, பிரிண்டர் டிரைவரில் இருக்கும் கலர் கரெக்‌ஷனையும் அணைக்காமல் விட்டால், ஒரே படத்துக்கு இரண்டு முறை திருத்தம் நடக்கும். இந்த இரட்டைத் திருத்தம் பெரும்பாலும் முகத்தைச் சிவப்பு, மெஜந்தா பக்கம்தான் இழுத்துக்கொண்டு போகும். ஃபோட்டோஷாப்பிடம் விடுங்கள், அந்தத் தாளுக்கான ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள், டிரைவரில் கலர் கரெக்‌ஷனை அணையுங்கள், பேப்பர் டைப்பையும் உண்மையில் போட்டிருக்கும் தாளுக்கு மாற்றுங்கள். எவ்வளவு மை விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசித் தேர்வுதான். லேபுக்கு அனுப்புவது வேறு கணக்கு: அவர்கள் வேறு எதுவும் சொல்லாதவரை எஸ்ஆர்ஜிபி-யில் (பெரும்பாலான திரைகளுக்கும் லேப்களுக்கும் பொதுவான நிற அளவுகோல்), ப்ரொஃபைலை உள்ளேயே சேர்த்து அனுப்புங்கள், ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அதைவிட அகலமான நிற அளவுகோலான அடோப் ஆர்ஜிபி-யில் உள்ள ஃபைலை ப்ரொஃபைல் படிக்காத மெஷினில் போட்டால் நிறமெல்லாம் வெளுத்துப்போய் வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் திரையும் தாளும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்காது. ஒன்று தானே ஒளிவிடுகிறது, மற்றது மேலே விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. ஐபிஎஸ் என்ற வகை எல்சிடி திரை நல்லதாக இருந்தால் அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1, பளபளப்பான தாளுக்கே அதில் ஒரு பங்குதான், மேட் தாளுக்கு இன்னும் குறைவு. தாளில் எப்படி வரும் என்று முன்கூட்டியே பார்க்கத்தான் சாஃப்ட் ப்ரூஃப், லைட்ரூமின் டெவலப் பக்கத்தில் எஸ் கீயை அழுத்தினால் வரும். அதில் தாளின் வெள்ளையையும் காட்டும் டிக் ஒன்று உண்டு, அதைப் போடும்போது ஒரு நொடி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், நேராகப் பார்த்துக்கொண்டே போட்டால் படம் செத்துப்போன மாதிரி இருக்கும்.

இன்னொன்று, பிரைட்னஸ் இறக்கியதும் உங்கள் பழைய எடிட்டுகள் அத்தனையும் இருட்டாகத் தெரியும். மானிட்டர் கெட்டுவிட்டது என்று திரும்ப ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே இருட்டாக வந்த பிரிண்ட் ஒன்றை எடுத்து, நல்ல வெளிச்சத்தில், அதே படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இருட்டாகத் தெரிந்தால் மானிட்டர் சரியாகிவிட்டது. இனி எக்ஸ்போஷரை ஏற்றி, சின்ன அளவில் ஒரு டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கொடுங்கள்.